உடல் இல்லாத துக்க வீடு

1991-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் எனக்குத் தந்தி வந்தது. ஊரில் அம்மா காலமாகிவிட்டார்கள். மறுநாள் மாலை நான்கு மணிக்கு அடக்கம். நான் அப்போது போர்ட் பிளேயரில் எழுத்தர் வேலையில் இருந்தேன். (அந்த நகருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நாக்கில் ஊறிய பழைய பெயரையே எழுதுகிறேன், அன்பர்கள் பொறுத்தருள்க.) சென்னைக்குக் கப்பல் புறப்பட ஐந்து நாள் இருந்தது. ஏறினாலும் கடலில் மூன்று நாள். விமானத்தில் இடம் இல்லை. எப்படிக் கணக்குப் போட்டாலும் அம்மாவின் முகத்தைப் பார்க்க வழி இல்லை என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

நானும் மனைவியும் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். இரவு எட்டு மணிக்குள் எங்கள் சபையார் வந்துவிட்டார்கள். ஆலயத்திலிருந்து இரண்டு பெஞ்சைத் தூக்கி வந்து குவார்ட்டர்ஸ் வாசலில் போட்டார்கள். மேலே ஒரு தார்ப்பாய் கட்டினார்கள். அம்மாவின் கல்யாணப் படம் ஒன்று என்னிடம் இருந்தது. அதை ஒரு நாற்காலியில் வைத்தார்கள். பெண்கள் கருப்பட்டிக் காப்பி போட்டார்கள். பக்கத்து வீட்டு மலபார் மாப்பிள்ளைக் குடும்பம் சோறு சமைத்து அனுப்பியது. ஊரில் எப்படித் துக்கம் கேட்பார்களோ அப்படியே ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மறுநாள் மாலை சரியாக நான்கு மணிக்கு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எங்கள் ஊரில் அடக்கம் நடக்கும் அதே நேரத்தில், கோயில்பிள்ளை இங்கே ஆலய மணியைத் துக்க மணியாக அடித்தார். அதுவரை அழாதிருந்த நான் அப்போதுதான் அழுதேன்.

உடல் இல்லாத துக்க வீடு அது. கடல் கடந்து பிழைக்க வந்தவர்களுக்குத்தான் அதன் பொருள் புரியும். நம் சங்க மலரை வாசிக்கும் குடும்பங்களில் இப்படி ஒரு தந்தியோ, பிற்காலத்தில் ஒரு தொலைபேசி அழைப்போ வராத வீடு குறைவாகத்தான் இருக்கும்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒருவரை ஒருவர் தாங்குவதில் எங்கள் சபை சாமர்த்தியசாலி என்று பல வருடம் நினைத்திருந்தேன். துக்க வீட்டில் பெஞ்சு போடத் தெரிந்த எங்களுக்கு, உயிரோடு இருப்பவனின் துக்கத்தைக் கேட்கத் தெரியவில்லை என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தேன். நான் எழுதுவது கிறிஸ்தவச் சபையைப் பற்றி என்றாலும், கோயில், பள்ளிவாசல், சங்கம் என்று எந்தப் பெயரில் நாம் கூடினாலும் இது பொருந்தும் என்றே நம்புகிறேன்.

முன்னால் வந்த தமிழர்

இந்தத் தீவுகளில் சபை என்பது எப்படி வேர் பிடித்தது என்று பார்த்தால், ஆரம்பத்திலேயே ஒரு தமிழர் நிற்கிறார். வேதப்பன் சாலமோன் என்பது அவர் பெயர். உபதேசியார். 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் கார் நிக்கோபாரில் அரசின் பிரதிநிதியாக அமர்த்தப்பட்டு, மூஸ் கிராமத்தில் குடியிருந்தார். வானிலைக் குறிப்பு எடுப்பது, வியாபாரிகளைக் கண்காணிப்பது என்று உத்தியோக வேலை ஒரு பக்கம். பிள்ளைகளைச் சேர்த்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தது மறு பக்கம். அவர் எழுதிய நாட்குறிப்பின் பகுதிகள் 1902-ல் லண்டனில் மானிடவியல் இதழ் ஒன்றில் அச்சாயின.

சாலமோனிடம் படித்த பிள்ளைகளில் ஒருவர்தான் ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவில் மேற்படிப்பு முடித்துத் தன் தீவுக்கே திரும்பினார். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் பெயர்த்தார். 1950-ல் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1952-ல் முதல் மக்களவைக்கு இத்தீவுகளின் சார்பில் நியமிக்கப்பட்டார். 1978-ல் மறைந்தார். 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியில் உளவாளிகள் என்ற சந்தேகத்தின் பேரில் நிக்கோபாரிகள் பலர் கொல்லப்பட்டார்கள். துயரத்தில் நொறுங்கிய அந்த மக்கள் போருக்குப் பின் பெரும் எண்ணிக்கையில் சபையில் சேர்ந்தார்கள். அவர்களுக்கு அது பிரசங்கம் கேட்கும் இடம் மட்டுமல்ல, உடைந்தவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்ட இடமும்கூட.

நம்மவர்களும் அப்படித்தான் வந்தார்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள், சாஸ்திரி-சிரிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியவர்கள், துறைமுக வேலைக்கும் அரசு வேலைக்கும் வந்தவர்கள் என்று பல அலை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தீவுகளில் வாழ்ந்த சுமார் 3,80,000 பேரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். கிறிஸ்தவர்கள் சுமார் 21 விழுக்காடு. நிக்கோபாரிகள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து 1918 முதல் கூலி வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், தமிழர், தெலுங்கர் என்று பல மக்கள் சேர்ந்த கணக்கு அது.

எங்கள் நெல்லைச் சீமையில் 1799-ல் முதலூர் என்ற ஊர் எழுந்ததே, மதம் மாறியதற்காகத் துரத்தப்பட்டவர்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்பதற்காகத்தான். வீட்டுக்கு வீடு சமையலுக்கு முன் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கும் பிடியரிசிக் காணிக்கையும், எல்லாரும் ஒரே பந்தியில் உண்ணும் அசனமும் அந்தப் பழக்கத்தில் வந்தவை. அந்தப் பழக்கத்தைப் பெட்டியோடு கட்டிக்கொண்டுதான் நாங்களும் கப்பல் ஏறினோம்.

2004: நிக்கோபாரிகளிடம் நான் கற்றது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். பண்டிகைக்கு ஊர் கூடியிருந்த கார் நிக்கோபாரின் கடலோரக் கிராமங்களை அலை துடைத்துக்கொண்டு போனது. விமானப்படைத் தளத்தில் மட்டும் வீரர்களும் குடும்பத்தாருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தீவுகள் முழுவதிலும் இறந்தோரும் காணாமற்போனோரும் 3,500-க்கு மேல் என்பது அரசின் கணக்கு. கச்சாலில் 2001-ல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். 2011-ல் அதில் பாதியளவே எஞ்சினார்கள்.

போர்ட் பிளேயரில் பள்ளிகளும் ஆலய வளாகங்களும் முகாம்களாயின. எங்கள் சபையார் சோறு, துணி, பால் பவுடர் எல்லாம் கொண்டு போனோம். ஒரு நிக்கோபாரி மூதாட்டி, தென்னையைப் பிடித்தபடி தன் பேத்தியைக் கைநழுவவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அரைகுறை இந்தியில், அதே கதையை, அதே இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது முறை நான், "சரி பாட்டி, அதை மறந்துவிடுங்கள், கொஞ்சம் கஞ்சி குடியுங்கள்" என்றேன். அவர் பக்கத்தில் அமர்ந்திருந்த இன்னொரு நிக்கோபாரிப் பெண்மணி என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மூதாட்டி நான்காம் முறை ஆரம்பித்தபோது, முதல் முறை கேட்பது போலவே தலையாட்டிக் கேட்டார். அன்று முழுதும் அவருக்கு அதுதான் வேலை.

நிக்கோபாரிகளுக்குத் 'துஹெத்' என்றொரு அமைப்பு உண்டு. பெரிய கூட்டுக்குடும்பம்; தென்னந்தோப்பும் பன்றிகளும் பொதுச் சொத்து. பெற்றோரை இழந்த பிள்ளைகளை அநாதை இல்லத்துக்கு அனுப்ப அவர்கள் உடன்படவில்லை, துஹெத்தே எடுத்துக்கொண்டது. ஊர்த் தலைவர்களைக் 'கேப்டன்' என்பார்கள். முகாமில் பாய் பங்கிடுவதிலிருந்து ஜெபம் நடத்துவது வரை கேப்டன்களும் சபை மூப்பர்களும் சேர்ந்து முடிவெடுத்தார்கள்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அப்போது தீவுகளுக்கு வந்து வேலை செய்தார்கள். 2008-ல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, மனநோய்ப் பாதிப்பு இடம்பெயர்ந்தவர்களிடம் 5.2 விழுக்காடு, இடம்பெயராதவர்களிடம் 2.8 விழுக்காடு. நடந்த அழிவை நேரில் கண்ட எனக்கு இது குறைவாகவே பட்டது. ஆரம்ப நாட்களில் மக்களைத் தாங்கியவை எவை என்றும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள்: ஒட்டுறவுள்ள சமூகம், குடும்ப அமைப்பு, தன்னலம் பாராத தலைவர்கள், இறைநம்பிக்கை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பின்னாளில் நிவாரணப் பணம் தனித்தனி ஆட்களின் பெயரில் வந்தது. வீடுகள் சிறு குடும்பத்துக்கு ஒன்று என்று கட்டப்பட்டன. துஹெத் தளர்ந்தது, கையில் காசும் செய்ய வேலையின்மையும் சேர்ந்து குடி பெருகியது என்று அங்கு நெடுநாள் ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சேர்ந்து வாழும் பழக்கம் இருக்கும்வரை யாரும் அதைக் கவனிப்பதில்லை. அது கலைந்த பிறகுதான் எத்தனை பேரை அது தூக்கி நிறுத்தியிருந்தது என்று தெரிகிறது.

நான் சொன்ன ஒரு வார்த்தை

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும். சுனாமிக்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, எங்கள் சபையில் ஒரு குடும்பத்தின் மூத்த மகன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். வயது இருபதுக்குள். அவன் தகப்பனார் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். என்னை அண்ணாச்சி என்பார், நான் தம்பி என்பேன். அடக்கம் நடந்தது, ஜெபம் நடந்தது. பெஞ்சும் போட்டோம், காப்பியும் கொடுத்தோம். ஆனால் 1991-ல் என் வீட்டில் உட்கார்ந்தது போல யாரும் உட்காரவில்லை. வந்தவர்கள் கண்ணைப் பார்க்காமல் போனார்கள். வாசலுக்கு வெளியே, "என்ன காரணமாம்?" என்ற கேள்விதான் சுற்றியது.

நான் சபைக் கமிட்டியில் இருந்தவன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எல்லாம் கடவுள் சித்தம், தம்பி. மனதைத் தேற்றிக்கொள்ளும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்து, "என் பிள்ளை சாவது எந்தக் கடவுளுக்குச் சித்தம், அண்ணாச்சி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு அவர் ஆலயத்துக்கு வரவில்லை. அவருடைய மனைவி சில வாரம் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மாதர் ஜெபக்கூட்டத்தில் 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில் தன் வீட்டு விஷயம் அலசப்படுவது காதில் விழுந்ததும் அவரும் நின்றுவிட்டார்.

ஜெபக் குறிப்பு என்று சொல்லி வம்பு பேசும் வழக்கம் எங்கள் சபைக்கு மட்டும் உரியதாக இருக்காது. "அந்த வீட்டுக்காக விசேஷமாக ஜெபியுங்கள், என்ன விஷயம் என்று நான் சொல்லக்கூடாது, ஆனாலும்..." என்று ஆரம்பித்தால், அடுத்த நாள் காலை அபர்தீன் பஜார் வரை போய்விடும். வீட்டுக் கஷ்டத்தைச் சபையில் சொல்ல நம் மக்கள் அஞ்சுவதற்கு முதற்காரணம் இதுதான்.

இது ஒரு குடும்பத்தோடு நிற்கும் விஷயமாக இருந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் இலட்சம் பேருக்கு 12.4 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அந்தமான் நிக்கோபாரில் அந்த எண் 42.8. சிக்கிமுக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாம் இடம். 2021-ல் 39.7, அந்த வருடம் நம் தீவுகளே முதலிடம். மக்கள்தொகை சிறியது, பத்து இருபது பேர் கூடக் குறைய இருந்தாலும் விகிதம் மாறும் என்று சொல்லலாம். ஆனாலும் வருடா வருடம் நாட்டின் சராசரியைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருப்பதை அந்தக் காரணம் சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

தேற்ற வந்தவர்களும் கேட்க வந்தவர்களும்

வேதத்தில் யோபு என்ற பக்தரின் கதை இருக்கிறது. பிள்ளைகளும் செல்வமும் உடல் நலமும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகல், ஏழு இரவு அவரோடு தரையில் உட்கார்கிறார்கள்; ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். எட்டாம் நாள் வாயைத் திறந்து, "நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய்" என்று விளக்கம் சொல்லத் தொடங்கியதிலிருந்துதான் அவர்கள் பாரமாகிறார்கள். கதையின் முடிவில் கடவுள் கண்டிப்பதும் அந்த விளக்கக்காரர்களைத்தான். எத்தனையோ முறை பிரசங்கத்தில் கேட்ட கதை. அந்த மூவரில் நானும் ஒருவன் என்பது அந்தத் தகப்பனார் என்னைக் கேள்வி கேட்ட பிறகே உறைத்தது.

இங்கிலாந்தில் சாட் வாரா என்றொரு ஆங்கிலிக்கன் குருவானவர் இருந்தார். 1935-ல் அவர் அடக்கம் செய்தவர்களில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி உண்டு. பூப்பெய்தியதை ஏதோ கேவலமான நோய் என்று எண்ணி உயிரை விட்டவள். கேட்க ஓர் ஆள் இல்லாததால் போன உயிர் அது. அந்த நினைவு மாறாமல், 1953-ல் லண்டனில் தம் ஆலயத்திலேயே ஒரு தொலைபேசியை வைத்து, உயிர் வாழ மனமில்லாதவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. காத்திருப்போருக்குத் தேநீர் கொடுக்கச் சில சாதாரண ஆட்களைச் சேர்த்துக்கொண்டார். சில மாதங்களில் ஒன்றைக் கவனித்தார்: தேநீர் கொடுத்தவர்களிடம் பேசிவிட்டே பலர் ஆறுதலோடு திரும்பினார்கள், குருவானவரைப் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை. 1954-ல் அந்த வேலையை அவர்களிடமே ஒப்படைத்தார். அதுதான் 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு. சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா'வும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டே நடப்பது. அது எந்த மதத்தையும் சார்ந்ததல்ல.

தற்கொலையால் இறந்தவருக்குச் சபை அடக்க ஆராதனை மறுத்த காலம் உண்டு. 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெப நூலிலும், கத்தோலிக்கரின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் அத்தடை இருந்தது. 1983-ல் கத்தோலிக்கத் திருச்சபை அதை எடுத்துவிட்டது. கடும் மனவேதனை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கிறது என்று 1992-ல் வந்த அதன் மறைக்கல்வி நூலும் சொல்கிறது. நம் நாட்டிலும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்று பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. சட்டமும் சபையும் மாறிவிட்டன. மாறாமல் இருப்பது நம் வாசலில் நின்று "என்ன காரணமாம்?" என்று கேட்கும் வாய்தான்.

புதன்கிழமை மாலைகள்

எட்டு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை மாலை நான் அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு மணி நேரம் தாழ்வாரத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். அடுத்த புதனும் போனேன். நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ அவர் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவன் ஃபுட்பால் ஆடியது, மீன் குழம்பில் தலைக்குச் சண்டை போட்டது, இவைதான். எப்படிச் செத்தான் என்று ஊரே கேட்டது. எப்படி இருந்தான் என்று யாரும் கேட்கவில்லை என்றார்.

இதைப் போதகரிடம் சொன்னேன். அவர் இளைஞர், என் பேச்சைத் தட்டவில்லை. ஒரு சிறு குழு அமைத்தோம். வேலூரில் கிறிஸ்தவ ஆலோசனை மையம் ஒன்று பல காலமாகப் போதகர்களுக்கும் சபையாருக்கும் பயிற்சி தருகிறது. எங்களில் ஒருவர் மெயின்லேண்ட் போனபோது அங்கே சில நாள் பயின்று வந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அடி பட்டும் கேட்டும் நாங்கள் வகுத்துக்கொண்டவை இவை:

1. இருவராகப் போக வேண்டும். பெண்கள் இருக்கும் வீட்டுக்குப் பெண்களே, அல்லது கணவன் மனைவியாக.

2. கேட்டது அந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. ஜெபக்கூட்டத்தில் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டுமானால் அந்த வீட்டாரின் அனுமதி வேண்டும். இதை மீறிய இருவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டோம். மனஸ்தாபம் வந்தது, வரட்டும் என்று விட்டோம்.

3. "கடவுள் சித்தம்", "எனக்கும் இப்படித்தான்", "நேரம் எல்லாவற்றையும் ஆற்றும்" ஆகிய மூன்றையும் சொல்வதில்லை.

4. முதல் வாரம் எல்லாரும் போவார்கள். ஆறாம் வாரம், ஆறாம் மாதம், முதல் வருட நினைவு நாள் ஆகியவற்றைக் காலண்டரில் குறித்து வைத்துப் போக வேண்டும்.

5. பண உதவி என்றால் கணக்கு எழுதுபவர் ஒருவருக்கு மட்டும் தெரிய வேண்டும். வாங்கியவர் பெயர் ஆலயத்தில் வாசிக்கப்படுவதில்லை.

6. உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேரே கேட்கத் தயங்கக் கூடாது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்பது தவறான அச்சம் என்று மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். "இருக்கிறது" என்றால் அவரைத் தனியே விடக் கூடாது.

எங்கே நிற்க வேண்டும்

எங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். கேட்பது வேறு, வைத்தியம் வேறு. தூக்கம் வாரக்கணக்கில் போனாலோ, யாரோ காதில் பேசுவது போலத் தோன்றினாலோ, குடியை விட முயன்று உடல் நடுங்கினாலோ, அது உபவாச ஜெபத்தில் மட்டும் தீரும் காரியம் அல்ல. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று நாம் சொல்வதில்லையே. 2022 அக்டோபர் முதல் 'டெலி மானஸ்' என்ற அரசுச் சேவை இயங்குகிறது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலும் பேசலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அடி வாங்கும் பெண்ணிடம், "பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய பாவம் நம் சபைகளுக்கு உண்டு. ஊரில் என்றால் அவள் தாய்வீட்டுக்கு பஸ் ஏறுவாள். இங்கே தாய்வீடு மூன்று நாள் கடலுக்கு அப்பால் இருக்கிறது. அவளுக்குச் சபையே தாய்வீடாக வேண்டும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் அவளுக்காக இருக்கின்றன. குழந்தையிடம் யாரும் தவறாக நடந்தது தெரிந்தால், இரகசியம் காக்கும் விதி அங்கே செல்லாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவர் கடமை. செய்தவர் சபை மூப்பராக இருந்தாலும், போதகராகவே இருந்தாலும் அப்படித்தான். இதை எழுதிக் கையெழுத்திட்டுத்தான் எங்கள் குழுவில் சேர வேண்டும்.

கடைசியாக ஒன்று

அந்தத் தம்பி இன்றும் ஆலயத்துக்கு வருவதில்லை. மனைவி வருகிறார். நான் வற்புறுத்துவதில்லை. புதன்கிழமை மட்டும் அநேகமாகத் தவறுவதில்லை; இப்போது எனக்கு முழங்கால் வலி என்பதால் அவர்தான் என் வீட்டுக்கு வருகிறார்.

இரண்டு வருடத்துக்கு முன், நம் தமிழ்க் குடும்பம் ஒன்றில், அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல, இதே போன்ற துயரம் நேர்ந்தது. செய்தி கிடைத்து நானும் இன்னொருவரும் போய்ச் சேர்வதற்குள் அங்கே வாசலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இறந்த பிள்ளையின் தகப்பனுக்குப் பக்கத்தில், தோளில் கை வைத்து, பேசாமல். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார். நாங்களும் உட்கார்ந்தோம். விடியும்வரை அதிகம் பேச்சில்லை.

உறவுக்காரர்கள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் இருப்பவர்கள் நாம்தான். உங்கள் வரிசையில், உங்கள் சங்கத்தில், உங்கள் கோயிலில், சில வாரமாக வராத ஒரு முகம் நினைவுக்கு வருகிறதா? இந்த வாரம் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டாம். போய் உட்காருங்கள், போதும்.